கெட்ட பேரை எங்கே ஒளிப்பது: கல்டிஸ்ட் சிமுலேட்டர் விமர்சனம்

கம்ப்யூட்டர் திரையிலுள்ள மேசையில் இரண்டு கெட்ட பேர் கார்டுகள் கிடக்கின்றன. சந்தேகக் காலம் தொடங்க இன்னும் 12 விநாடி. ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. ஒரு கார்டை ஓவிய வேலைக்குள் போட்டு மறைத்துவிடலாம், சரி, இன்னொன்றை என்ன செய்வது? அது வெளியே கிடந்தால் துப்பறிவாளர் எடுத்துக்கொள்வார். எடுத்தால் ஏற்கெனவே மேசையில் இருக்கும் அரைகுறை ஆதாரம் முழு ஆதாரமாகிவிடும், அப்புறம் வழக்கு, தண்டனை, பல இரவுகள் உட்கார்ந்து வளர்த்த சபை காலி.

கல்டிஸ்ட் சிமுலேட்டர் பற்றி யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த 12 விநாடியைத்தான். இது மாயமந்திரம், ரகசிய சபை, கனவுலகம் பற்றிய கேம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது போலீஸ். ஒரு ரகசிய சபையின் தலைவராக இருந்துகொண்டு சட்டத்தின் கையில் சிக்காமல் காலத்தை ஓட்டுவதை இவ்வளவு நுணுக்கமாகச் செய்த இன்னொரு கேமை நான் விளையாடியதில்லை.

முதலில் அடிப்படை. லண்டனில் அலெக்சிஸ் கென்னடி, லாட்டி பெவன் என்ற இருவர் தொடங்கிய வெதர் ஃபேக்டரி என்ற சின்ன நிறுவனத்தின் முதல் கேம் இது. 2018 மே 31 அன்று கம்ப்யூட்டருக்கு வந்தது, அடுத்த வருடம் மொபைலுக்கும் வந்தது. கென்னடி இதற்கு முன்னால் ஃபாலன் லண்டன், சன்லெஸ் ஸீ போன்றவற்றுக்குப் பின்னால் இருந்தவர், எழுத்தில் அந்தக் கை தெரியும். கதை நடப்பது 1920களின் சாயலுள்ள ஓர் ஆங்கிலேய நகரத்தில். திரையில் ஒரு மேசை, அதன் மேல் கார்டுகள், செயல்களுக்கான சில சதுரக் கட்டங்கள், அவ்வளவுதான். வேலை, படிப்பு, கனவு, பேச்சு, தேடல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். கார்டை எடுத்துக் கட்டத்துக்குள் போட்டால் ஒரு கடிகாரம் ஓடும், ஓடி முடிந்ததும் ஏதாவது ஒன்று கையில் வரும். உடல்நலம், புத்தி, ஆர்வம், பணம் எல்லாமே கார்டுதான். ஒரு வதந்திகூட கார்டுதான்.

காலம் என்றொரு கட்டம் இருக்கிறது, அதை நீங்கள் தொடவே முடியாது. 60 விநாடிக்கு ஒரு முறை அது உங்கள் காசில் ஒன்றை விழுங்கும். காசு இல்லையென்றால் பசி, பசி முற்றினால் நோய், நோய் முற்றினால் சாவு. காலம் சும்மாவும் போகாது, போகும்போது ஒரு பருவத்தைக் கொண்டுவந்து விட்டுப்போகும். ஒரு பருவத்தில் மனச்சோர்வு உங்களைத் தின்னப் பார்க்கும், இன்னொன்றில் பித்து. அதில் ஒன்றுதான் சந்தேகம்.

இந்தச் சந்தேகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கேம் இதை எங்கேயும் உட்கார்ந்து சொல்லித்தராது, முதல் தடவை தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் எரிச்சலில் அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உங்களைப் பற்றி ஊர் பேசுவதற்கு இரண்டு கார்டுகள் உண்டு. ஒன்று மிஸ்டீக். ‘அந்த ஆள் ஒரு மாதிரி, என்னவோ தெரிஞ்சவர் மாதிரி இருக்கார்’ என்று பேசுவார்களே, அது. அதனால் பெரிய கெடுதல் வராது, சில இடங்களில் உதவியும் செய்யும். இன்னொன்று நொட்டோரியட்டி, நான் கெட்ட பேர் என்று சொல்வது இதைத்தான். சபைக் காரியத்துக்கு ஆளனுப்பினால் சில சமயம் வரும், நகருக்குள்ளேயே ஏதாவது பழைய வீட்டுக்குள் புகுந்து புத்தகம் திருடினால் வரும். சும்மா கிடக்கும்போது அது ஒன்றும் செய்யாது, கொஞ்ச நேரத்தில் தானாகவே மங்கி மறைந்துவிடும், ஊர் வாய் எவ்வளவு நாளைக்குப் பேசும்? ஆனால் அது மறைவதற்குள் சந்தேகக் காலம் வந்துவிட்டால் கதை வேறு.

சப்ரஷன் பீரோ என்று ஒரு போலீஸ் பிரிவு, இந்த மாதிரி சபைகளை ஒடுக்கவே இருப்பது. அங்கிருந்து ஒருவர் வருவார். எனக்கு முதலில் வந்தவர் களைத்துப்போன ஒரு துப்பறிவாளர், கார்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கும், களைத்தவர் என்று. சந்தேகக் காலத்தின் கட்டம் காந்தம் மாதிரி மேசையிலிருக்கும் கெட்ட பேர் கார்டைத் தானே இழுத்துக்கொள்ளும். இழுத்ததும் அவர் அதை வைத்து விசாரிப்பார். விசாரணையில் ஒன்றும் சிக்காமலும் போகலாம். சிக்கினால் அரைகுறை ஆதாரம் என்ற கார்டு ஒன்று மேசையில் விழும். அதை வைத்து மட்டும் வழக்கு போட்டால் பெரும்பாலும் நிற்காது. ஆனால் அது கிடக்கும்போதே இன்னொரு கெட்ட பேர் அவர் கையில் சிக்கினால் அதே ஆதாரம் தப்பவே முடியாத ஆதாரமாக மாறும். அந்த நிலையில் வழக்கு வந்தால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்தது இதுதான். நீங்கள் குற்றம் செய்தீர்களா இல்லையா என்பது அந்தத் துப்பறிவாளருக்குப் போதாது. அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஊருக்கே அரசல்புரசலாகத் தெரியும். ஆனால் கையில் எழுத்தாக, பொருளாக, சாட்சியாக ஏதாவது வேண்டும். என் தங்கை சட்டம் படிக்கிறாள், நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அண்ணா, இது அப்படியே சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுக்கிறதுதான், அரைகுறை ஆதாரத்தை வச்சு கேஸ் நிக்காது” என்றாள். நம் ஊர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் எதிரி என்று எழுதுவார்கள், அவள் வாயில் அது சாதாரணமாக வந்துவிட்டது. அதற்கப்புறம் நானும் என் பாத்திரத்தை எதிரி என்றே நினைத்து விளையாட ஆரம்பித்தேன், ஆட்டமே மாறிவிட்டது. அதுவரை ‘எவ்வளவு வேகமாகச் சபையை வளர்ப்பது’ என்று யோசித்தவன், ‘இந்த நிமிடம் என்னைப் பற்றி என்னென்ன தடயம் வெளியே கிடக்கிறது’ என்று யோசிக்கத் தொடங்கினேன்.

முதல் ஆட்டத்தில் நான் மாட்டிய கதையைச் சொல்கிறேன். நான்கு பேர் சீடர்களாகச் சேர்ந்திருந்தார்கள். பணம் தட்டுப்பாடு, அதனால் ஒருவர் திரும்பி வந்ததும் அடுத்தவர் என்று சபைக் காரியத்துக்கு ஆளனுப்பிக்கொண்டே இருந்தேன். காசு வந்தது. காசோடு கெட்ட பேரும் வந்தது. நான் அதைக் கார்டு என்றுகூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மேசையின் ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தேன், மூலையில் வைத்தால் போலீஸுக்குத் தெரியாதா என்ன. ஆதாரம் விழுந்தபோதும் அது என்னவென்று படிக்காமல் கனவுக் கட்டத்தில் மும்முரமாக இருந்தேன். வழக்கு வந்து, தீர்ப்பு வந்து, திரை இருண்ட பிறகுதான் அந்தக் கார்டுகளில் எழுதியிருந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எல்லாமே அங்கேயே எழுதியிருந்தது. கார்டின் விளக்கத்திலேயே அது என்ன செய்யும் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படிக்கும் பழக்கம் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இப்போது நான் செய்வது வேறு. நகரத்தில் கிளவர் அண்ட் கிளவர் என்று ஒரு நிறுவனம், அங்கே குமாஸ்தா வேலை கிடைக்கும், அதை விடவே மாட்டேன். தலைக்கு மேலே ஆல்டன் என்று ஒரு மேலதிகாரி, சலிப்பான வேலை, நேரத்துக்குப் போகாவிட்டால் வேலையே போய்விடும். ஆனால் அந்தக் காசில் எந்தக் கெட்ட பேரும் ஒட்டுவதில்லை. பகலில் குமாஸ்தா, இரவில் சபைத் தலைவர். பாதி ஆட்டம் வரை இப்படியே ஓட்டினால் போலீஸ் உங்களைக் கவனிப்பதற்கான காரணமே மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

ஓவியம் வரைவதும் நல்ல மறைப்பு. ஆர்வக் கார்டை வேலைக் கட்டத்தில் போட்டு ஓவியம் வரையத் தொடங்கினால், உங்கள் பேரையும் அந்த ஓவியத்துக்குள் சேர்க்க ஓர் இடம் இருக்கும். கெட்ட பேரோ மிஸ்டீக்கோ, எதுவானாலும் சேர்க்கலாம், ஓவியத்துக்கு மதிப்பு கூடும். யோசித்துப் பார்த்தால் நிஜ வாழ்க்கையிலும் இதுதானே நடக்கிறது, ஒரு கலைஞனைப் பற்றி ஊர் தப்பாகப் பேசினால் அவன் படம் கூடுதல் விலைக்குப் போகிறது. இங்கே முக்கியம், அந்தக் கார்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலைக்குள் இருக்கிறவரை சந்தேகக் காலத்தின் காந்தம் அதைத் தொடாது. அதனால் சந்தேகம் எப்போது வருகிறது என்று கணக்குப் போட்டு அதற்குக் கொஞ்சம் முன்னால் தூரிகையைக் கையில் எடுக்க வேண்டும். நான் ஒரு கட்டத்தில் காசுக்காக வரைவதையே விட்டுவிட்டேன், ஒளிவதற்காகவே வரைந்தேன்.

ஆதாரம் விழுந்துவிட்டால்? அதற்கும் வழி உண்டு. பேச்சுக் கட்டத்தில் ஒரு சீடரையும் ஆதாரக் கார்டையும் சேர்த்துப் போட்டு அதை அழித்துவிட்டு வரச் சொல்லலாம். எல்லாச் சீடருக்கும் இது கைவராது. இந்த உலகத்தில் விளக்கு, உலை, விளிம்பு, குளிர்காலம், இதயம், கிண்ணம், விட்டில், தட்டல் என்று எட்டுத் தத்துவங்கள், ஒன்பதாவதாக ரகசிய வரலாறுகள். ஒவ்வொரு சீடருக்கும் ஒன்று வாய்க்கும், யாருக்கு எது என்று பார்த்துத்தான் வேலை கொடுக்க வேண்டும். தவறான ஆளை அனுப்பினால் வேலை கெட்டுவிடும். அதனால் சீடர் சேர்க்கும்போதே ‘இவர் எனக்கு வழிபாட்டுக்கு உதவுவாரா’ என்று மட்டும் பார்க்காமல், ‘நாளைக்கு ஒரு சிக்கல் வந்தால் இவர் நைசாகப் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வருவாரா’ என்றும் பார்ப்பது நல்லது.

இனி கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். துப்பறிவாளரையே ஒழித்துவிடலாம். விளிம்பு என்பது வெட்டும் தத்துவம், அந்தக் குணமுள்ள ஒரு சீடரையும் துப்பறிவாளரின் கார்டையும் பேச்சுக் கட்டத்தில் சேர்த்துப் போட்டால் போதும். நான் இரண்டாவது ஆட்டத்தில் அதைச் செய்தேன். அப்போது எனக்கு வேறு வழி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆதாரம் அரைகுறையாகத்தான் இருந்தது, கொஞ்சம் அடங்கி ஒடுங்கி இருந்திருந்தால் அதுவும் கடந்து போயிருக்கும். ஆனால் அவசரம். கார்டைப் போட்டேன், கடிகாரம் ஓடியது, முடிந்தது. களைத்துப்போனவர் என்று எழுதியிருந்த அந்தக் கார்டு மேசையில் இல்லை.

எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மேசையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பல கேம்களில் நூற்றுக்கணக்கான பேரைச் சுட்டிருக்கிறேன், ஒரு முகம்கூட ஞாபகமில்லை. இந்த ஒரு மனிதர், தன் வேலையைச் செய்ய வந்தவர், களைத்துப்போனவர், ஒரு சின்னப் படம், இரண்டு வரி, அவ்வளவுதான் அவர், ஆனாலும் அன்றைக்கு அதற்குமேல் விளையாடாமல் மூடி வைத்துவிட்டேன். தங்கையிடம் சொன்னதற்கு, “பாவம்ணா, அவர் மேல என்ன தப்பு” என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதில் கேம் எடுத்திருக்கும் முடிவு எனக்கு மிகவும் மரியாதை தருவதாக இருக்கிறது. ஒருவரைக் கொன்றால் பிரச்சினை தீராது. நீங்கள் தொடர்ந்து கெட்ட பேரைச் சம்பாதித்தால் பீரோவிலிருந்து இன்னொருவர் வருவார். அலுவலகம் என்றால் அப்படித்தான், ஒரு நாற்காலி காலியானால் அடுத்தவர் உட்காருவார். அதனால் மூன்றாவது ஆட்டத்திலிருந்து நான் ஒரு முடிவெடுத்தேன், துப்பறிவாளர் மேல் கை வைக்காமல் கடைசி வரை போவது என்று. அப்படி விளையாடும்போதுதான் இந்த கேமின் முழு ருசியும் தெரிந்தது. அவர் மேசையில் ஒரு மூலையில் இருக்கிறார், நான் என் வேலையைப் பார்க்கிறேன், இருவருக்கும் இடையில் அந்தக் கெட்ட பேர் கார்டு. ஒரு வகையில் அவர்தான் என்னை நிதானமாக வைத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் நான் முதல் ஆட்டம் மாதிரியே கண்மூடித்தனமாக ஓடியிருப்பேன்.

ஒரு சின்ன விஷயம், நம்மவர்களுக்கு மட்டும் சட்டென்று கண்ணில் படுவது. நகரத்தில் எக்டைசிஸ் கிளப் என்று ஒரு கேளிக்கை விடுதி. அங்கே ஒரு பெண்மணி, பெயர் சுலோசனா அமாவாசை. முதல் முறை ஆங்கிலத்தில் படித்துவிட்டு இரண்டாவது முறை வாய்விட்டுச் சொன்னபோதுதான் உறைத்தது, சுலோசனா, அமாவாசை! நிலா இல்லாத இரவைப் பெயராக வைத்துக்கொண்ட ஒருத்தி, இரவு விடுதியில். எழுதியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். இந்த கேமில் பெயர் எதுவும் சும்மா வராது என்பதற்காகச் சொல்கிறேன், புத்தகத் தலைப்பிலிருந்து கடைப் பெயர் வரை ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு நூல் இன்னொன்றோடு முடிச்சுப் போட்டிருக்கும். மார்லண்ட் புத்தகக் கடையில் வாங்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு மூன்று வரிதான், அதைப் படிக்கும்போது முழுப் புத்தகமும் எங்கேயோ இருக்கிறது என்று தோன்றும்.

எதிர்ப்பக்கமும் விளையாடலாம் என்பது எனக்கு இன்னொரு மகிழ்ச்சி. தோற்றுப்போன பிறகு அடுத்த ஆட்டத்தை வேறொரு ஆளாகத் தொடங்கும் வாய்ப்பு வரும், அதில் ஒருவர் துப்பறிவாளர். அதே சப்ரஷன் பீரோவில் வேலை, அதே கோப்புகள். வேட்டையாட வந்தவர் மெல்ல மெல்ல அந்தக் கோப்புகளில் இருப்பதை நம்பத் தொடங்குகிறார். இதை விளையாடிய பிறகு என் இரண்டாவது ஆட்டத்துத் துப்பறிவாளரை நான் இன்னும் அதிகமாக நினைத்தேன். 2020இல் எக்ஸைல் என்று ஒரு கூடுதல் பகுதி வந்தது, அதில் போலீஸ் இல்லை, பழைய கூட்டாளிகளிடமிருந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், போகுமிடமெல்லாம் உங்கள் தடம் விழுந்துகொண்டே இருக்கும். ஒளிவதில்தான் சுகம் என்று நினைப்பவர்கள் அதையும் வாங்கலாம், ஆனால் மூல ஆட்டத்தை முடித்துவிட்டு.

குறையும் இருக்கிறது, நிறையவே. தொடக்கத்தில் கையைப் பிடித்து யாரும் அழைத்துப்போக மாட்டார்கள், அது அவர்கள் வேண்டுமென்றே செய்தது, எனக்கு அது பிடித்தாலும் முதல் மூன்று மணி நேரம் குழப்பமாகத்தான் இருக்கும். மேசை சீக்கிரமே குப்பையாகிவிடும். கார்டு மேல் கார்டு, ஐம்பது அறுபது கார்டுகளில் அந்தக் கெட்ட பேர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் காந்தம் இழுத்துக்கொண்டு போய்விடும். அது அநியாயமாகத் தோன்றிய நேரங்கள் உண்டு. நான் இப்போது மேசையின் இடது கீழ்மூலையைப் போலீஸ் விவகாரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறேன், பேர், ஆதாரம், துப்பறிவாளர் எல்லாம் அங்கேதான், வேறெதையும் அங்கே போட மாட்டேன். கடைசி மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் இழுவை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், போலீஸைச் சமாளிக்கத் தெரிந்துவிட்ட பிறகு அந்தப் பயமும் போய்விடுகிறது, பயம் போனால் வெறும் கார்டு நகர்த்தல்தான் மிச்சம்.

மொழியும் ஒரு தடை. தமிழ் கிடையாது. எளிய ஆங்கிலமும் இல்லை, பழைய நாவல் மாதிரியான நடை, சில வரிகளை நானே மூன்று முறை படித்தேன். என் தங்கைக்குச் சில இடங்களைத் தமிழில் சொல்லிக் காட்ட முயன்று தோற்றேன். மொபைலில் விளையாட நினைப்பவர்கள் பெரிய திரை இருந்தால் மட்டும் வாங்குங்கள், கார்டில் இருக்கும் எழுத்துகளைப் படிக்காமல் விளையாடினால் நான் முதல் ஆட்டத்தில் மாட்டியது மாதிரி மாட்டுவீர்கள். கம்ப்யூட்டர் இருந்தால் யோசிக்காமல் அதிலேயே வாங்குங்கள், அடிக்கடி விலை குறைக்கிறார்கள், காத்திருந்தும் வாங்கலாம்.

வேகமாக ஜெயிக்க வேண்டும், சுட வேண்டும், வெடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன், பணம் வீண். ராத்திரி வீடு அடங்கியதும் ஒரு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துப் படித்து விளையாடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது நான் சொல்ல மாட்டேன்.

அந்த 12 விநாடி என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு கார்டை ஓவியத்துக்குள் போட்டேன். இன்னொன்றைப் போட இடமில்லை, அதன் ஆயுள் முடிய இன்னும் 9 விநாடி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். ஒன்பது, எட்டு, ஏழு என்று அது தேய்ந்துகொண்டே வந்து மறைந்தது, மூன்று விநாடி கழித்துச் சந்தேகக் காலம் வந்தது. இழுப்பதற்கு மேசையில் ஒன்றுமில்லை. களைத்துப்போன அந்த மனிதர் வந்தபடியே இருந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார், இடது கீழ்மூலையில்.